ஐந்தடிப் பலகையில் ஒரு நீராவி ஷெட்!

(நமது பகுதிநேர நிருபர்)

நீராவி எஞ்சின் ரயிலை இழுத்துப் போனதைப் பார்த்தவர்கள் பலர். ரயிலை விட்டுக் கழன்ற பிறகு அது எங்கே போனது, அங்கே அதற்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் சிலர்தான்.

அது போன இடத்தின் பெயர் லோகோ ஷெட். அங்கேதான் எஞ்சின் சாம்பலைக் கொட்டியது; கரி ஏற்றிக் கொண்டது; தண்ணீர் குடித்தது; உடம்புக்கு ஏதாவது என்றால் வைத்தியம் பார்த்துக் கொண்டது.

மின்சார எஞ்சினுக்கு இத்தனை பணிவிடை தேவையில்லை. நீராவி எஞ்சினோ ஒரு நடை போய் வந்தால் உடனே கவனிக்க வேண்டிய பிள்ளை. அதனால்தான் முக்கியமான ஜங்ஷன்களில் ஒரு ஷெட், ஷெட்டைச் சுற்றி ஒரு ரயில்வே காலனி, காலனியை நம்பி ஒரு கடைத்தெரு என்று இருந்தது. விழுப்புரம், திருச்சி, மதுரை என்று பெயரைச் சொன்னாலே பழைய ரயில்வேக்காரர்களின் மூக்கில் கரிப்புகை ஏறிவிடும்.

இந்தியாவின் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் 1970-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் தயாரானது. அதற்கு 'அந்திம் சிதாரா' என்று பெயர். கடைசி நட்சத்திரம் என்று பொருள். மீட்டர்கேஜுக்கான கடைசி எஞ்சின் 1972-ல் அதே இடத்தில் தயாரானது. அகலப்பாதையில் நீராவியின் அன்றாட ஓட்டம் 1995-ல் முடிவுக்கு வந்தது.

எஞ்சின்களில் சில அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலான ஷெட்டுகளுக்குப் போக இடமில்லை. இடித்தார்கள், அல்லது வேறு வேலைக்கு எடுத்துக் கொண்டார்கள்.

அப்படி மறைந்த ஒரு மீட்டர்கேஜ் ஷெட், பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது!

கட்டில்தான் அளவுகோல்

அதைச் செய்தவர் 76 வயது ரயில்வே ஓய்வூதியர். கலாசியாகச் சேர்ந்து, பயர்மேனாகி, பிறகு டீசலுக்கு மாறி, டிரைவராக ஓய்வு பெற்றவர். "பெயர் போட வேண்டாம், தம்பி. ஷெட்டைப் பற்றி எழுதுங்கள், போதும்" என்று முதலிலேயே சொல்லி விட்டார். ஆகவே இங்கே அவர் 'பெரியவர்'.

வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை. மகன், மருமகள், பேரன் எல்லோரும் அதற்குள்தான். மாதிரி ரயிலுக்கு என்று தனி அறை ஒதுக்குவது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சரி, ஸ்ரீராமபுரத்துக்கு ஒத்துவராது. எனவே பெரியவர் முதலில் கட்டிலை அளந்தார். அதன் கீழே தள்ளி வைக்கும்படி 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் பலகையை அறுத்தார். தண்ணீர்த் தொட்டி மட்டும் உயரம் அதிகம். அதைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம்.

"மேலே நான் தூங்குகிறேன், கீழே இவர் ஷெட் தூங்குகிறது" என்கிறார் அவர் மனைவி. குறையாகச் சொல்லவில்லை.

ஒரு அடிக்கு 5 மில்லிமீட்டர்

மாதிரி ரயில் செய்யப் புகுபவர்களை முதலில் தடுக்கி விடுவது அளவு. வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

உலகம் முழுவதும் அதிகமாக விற்பது எச்.ஓ. என்ற அளவு. உண்மைப் பொருளில் 87-ல் ஒரு பங்கு. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. இடைவெளி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமான 1,435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் இந்த எண் வரும்.

நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் போகிறது. மீட்டர்கேஜ் 1,000 மி.மீ. அதை வகுத்தால் பதினொன்றரை. கடையில் வாங்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் இரண்டுமே உட்காராது. பலர் இதைப் பொருட்படுத்தாமல் அப்படியே ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை.

அவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். 1,000 மில்லிமீட்டரை 16.5-ஆல் வகுத்தார். 60 சொச்சம் வந்தது. அதாவது எஞ்சின், கட்டிடம், மனிதர்கள் எல்லாவற்றையும் 60-ல் ஒரு பங்காகச் செய்தால், கடைத் தண்டவாளமே மீட்டர்கேஜ் ஆகிவிடும்!

இதில் இன்னொரு வசதியும் உண்டு. 60-ல் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய ஒரு அடிக்கு 5 மி.மீ. ஐந்தரை அடி மனிதன் 27 மி.மீ. 30 அடித் தண்ணீர்த் தொட்டி 15 செ.மீ. சுமார் 19 மீட்டர் நீளமுள்ள ஒய்.பி. எஞ்சின் 31 செ.மீ. பேரனின் பள்ளிக்கூட ஸ்கேலே போதும்.

ஒரே ஒரு இடைஞ்சல். கடைத் தண்டவாளத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் நெருக்கமாக இருக்கும். 60-ல் ஒரு பங்குக்கு அது பொருந்தாது. ஒன்று விட்டு ஒன்றை வெட்டி எடுத்தார். மிச்சத்தைச் சாம்பலும் கரித்தூளும் மூடிக் கொண்டன. உண்மை ஷெட்டிலும் கட்டைகள் பாதிக்கு மேல் மண்ணுக்குள்தான் கிடக்கும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

வீட்டிலேயே கிடக்கும் சாமான்

தண்டவாளம், இரண்டு பாயிண்ட், ஓடும் எஞ்சினுக்கு ஒரு மோட்டார்ப் பெட்டி. காசு கொடுத்து வாங்கிய ரயில் சாமான் இவ்வளவுதான். மற்றவை மரக்கடை, இரும்புக்கடை, சமையலறை.

அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட். வளையாமல் இருக்க அடியில் ரீப்பர் சட்டம். எஞ்சினின் பாய்லர் 25 மி.மீ. பி.வி.சி. குழாய். டெண்டர் அட்டைப் பெட்டி. மூன்று எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் ஓடும். "ஷெட்டில் எஞ்சின் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். மூன்றும் ஓடினால் அது ஷெட் இல்லை, ஸ்டேஷன்!" என்கிறார்.

ஷெட்டின் கூரைக்குத் தகரம் வேண்டும். அலை அலையான தகரத்தில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 3 அங்குலம் என்றால், இந்த அளவில் 1.25 மி.மீ. வர வேண்டும். எட்டு மில்லி மரை போட்ட கம்பியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி சரியாக 1.25 மி.மீ.! ஓட்டல் சாப்பாடு வரும் அலுமினியப் பெட்டியை வெட்டித் தட்டையாக்கி, பழைய சைக்கிள் டியூப் மேல் வைத்து, அந்தக் கம்பியை அழுத்தி உருட்டினார். கூரைத் தகரம் தயார். இது புத்தகத்தில் படித்து வருவதல்ல. கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்குத்தான் தோன்றும்.

கரி, உண்மைக் கரியேதான். சுத்தியால் நொறுக்கி டீ வடிகட்டியில் சலித்தது. அதைத் தூவிவிட்டு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பெவிகாலை இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர் ஒரு துளி சேர்த்தால் பசை மேலே முத்துப் போல நிற்காமல் உள்ளே இறங்கும். ஒரு ராத்திரி காய்ந்தால் கல் மாதிரி பிடித்துக் கொள்ளும்.

விளக்குகளுக்கு எஸ்.பி. ரோடு கடைகளில் சின்ன எல்.இ.டி. வாங்கினார்கள். எல்லாம் 12 வோல்ட் அடாப்டரில் எரிகிறது. வீட்டு மின்சாரத்தை நேராகப் பலகைக்குக் கொண்டு போகவே கூடாது. பிள்ளைகள் கை வைக்கும் சாமான் இது.

வரிசை மாறக் கூடாது

சாமான் எளிது. எதை எங்கே வைப்பது என்பதுதான் கடினம். மாதிரி செய்யும் புதியவர்கள் தண்ணீர்த் தொட்டி, கரி மேடை, ஷெட் என்று கட்டிடங்களை அழகு பார்த்து வைப்பார்கள். ஷெட் அழகுக்காகக் கட்டப்பட்டதல்ல. வேலையின் வரிசைதான் அதன் படம்.

பெரியவர் அந்த வரிசையை விரலால் பலகை மேல் நடத்திக் காட்டினார்.

உள்ளே வரும் எஞ்சின் முதலில் நிற்பது சாம்பல் குழியின் மேல். நெருப்பைக் கிளறி, கட்டி பிடித்த கசடை உடைத்து, சாம்பலைக் கீழே தள்ளுவார்கள். முன்பக்கத்தில் புகைப்பெட்டியைத் திறந்து அங்கே சேர்ந்திருக்கும் கரித்துகளை வாரி எடுப்பார்கள். சாம்பல் சிவப்பாக விழும். அதை அணைக்கத் தண்ணீர் வேண்டும். ஆகவே சாம்பல் குழி இருக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது கரி. அதையடுத்து யானைத் துதிக்கை போலத் தொங்கும் குழாயில் டெண்டருக்குத் தண்ணீர். பிறகு மணல். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல் இது. ஈரமாக இருந்தால் குழாயில் இறங்காது. அதனால் மணலை வறுத்துக் காய வைக்க ஒரு சின்ன அடுப்பு. கடைசியில்தான் ஷெட்டுக்குள் நுழைந்து குழிக்கு மேல் நிற்கும். பிட்டர் குழிக்குள் இறங்கி அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

இடத்துக்கு இடம் இந்த வரிசை கொஞ்சம் மாறும். ஆனால் எந்த ஷெட்டிலும் காரணமில்லாமல் எதுவும் இருக்காது.

இதையெல்லாம் ஐந்தடிக்குள் அடக்க மூன்று பாதைகள் போட்டிருக்கிறார். ஒன்று சாம்பல் குழிக்கும் கரி மேடைக்கும். மற்ற இரண்டும் ஷெட்டுக்குள். எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் இல்லை. 60 அடி டர்ன்டேபிள் என்றால் பலகையில் 30 செ.மீ. வட்டம் போய்விடும். "எஞ்சின் வெளியே முக்கோணப் பாதையில் திரும்பி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்" என்று சிரிக்கிறார்.

குழிகள் நிஜமாகவே குழிகள். பிளைவுட்டை அறுத்து, அடியில் பெட்டி கட்டி இறக்கியிருக்கிறார். சாம்பல் குழியின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு மங்கி மங்கி எரிகிறது.

ஷெட்டின் நிறம் கறுப்பு அல்ல

ஷெட் என்றால் கறுப்பு என்று நினைப்போம். பெரியவர் கறுப்பு பெயிண்டை மிகக் குறைவாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

சாம்பல் விழும் இடம் வெளுத்த சாம்பல் நிறம். தண்ணீர்க் குழாயின் அடியில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு. பாய்லரைக் கழுவும் இடத்திலும் அதே வெள்ளைக் கோடுகள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு. அதன் மேல்முகம் மட்டும் பளபளப்பு. எண்ணெய் சிந்திய இடம்தான் மெய்யான கறுப்பு. கூரையில் புகை போகும் சந்துகளைச் சுற்றி மட்டும் கரி. இவற்றை நினைவிலிருந்தே தீட்டினார். கையில் ஒரு போட்டோ கூட இல்லை.

27 மில்லிமீட்டர் மனிதர்கள்

வெளிநாட்டு மாதிரி ஷெட்டுகளின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின்கள் அற்புதமாக இருக்கும். மனிதர்கள் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். பெரியவரின் பலகையில் நான் எண்ணிப் பார்த்தபோது 34 பேர் இருந்தார்கள்.

கட்டுக் கம்பியில் எலும்பு, எம்-சீலில் சதை. நீண்ட கொக்கிக் கம்பியால் நெருப்பைத் தள்ளுபவர். புகைப்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருக்கும் பாய்லர் மேக்கர். பஞ்சு வேஸ்டால் துடைக்கும் கலாசிகள். டிரைவரின் பெட்டியைத் தலையில் சுமக்கும் ஆள். வீடு வீடாகப் போய் டிரைவரையும் பயர்மேனையும் எழுப்பிக் கையெழுத்து வாங்கும் 'கால் பாய்', கையில் லாந்தருடன். சாம்பல் மேட்டில் பாதி எரிந்த கரியை வீட்டு அடுப்புக்காகப் பொறுக்கும் இரண்டு சிறுமிகள்.

கரி மேடையில் கிரேன் இல்லை. டெண்டர் வரை ஒரு சாய்வுப் பலகை. அதில் தலையில் கூடையுடன் ஏறும் ஆறு பெண்கள்.

பல சிறிய ஷெட்டுகளில் கரி ஏறியது இப்படித்தான். ஒரு கூடைக்கு 20 கிலோ என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 50 நடை. ஐந்து டன்னுக்கு 250 நடை. ஆறு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு 40 நடைக்கு மேல். அது ஒரு எஞ்சினுக்கு மட்டும்.

அந்த ஆறு பேரில் மூன்றாவதாக ஏறுபவர், இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருக்கிறார். மற்றவர்கள் இரு கைகளாலும் கூடையைப் பிடித்திருக்கிறார்கள். ஏன் இவர் மட்டும் இப்படி என்று கேட்டேன்.

"அது எங்கள் அம்மா" என்றார் பெரியவர்.

அவருடைய தாயார் காண்டிராக்டரிடம் கரிக்கூடை சுமந்தவர். தோள்பட்டை வலியால் ஒரு கையைத் தூக்க முடியாது. அந்தக் கூலியில் மகனைப் படிக்க வைத்தார். அதே ஷெட்டில் மகன் கலாசியாகச் சேர்ந்த பிறகும் சில ஆண்டுகள் கூடை சுமந்தார். அவருக்கு ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை. அந்த உருவத்தை நான்கு முறை செய்து அழித்து, ஐந்தாவது முறைதான் பெரியவருக்குத் திருப்தி வந்தது. தலையில் சும்மாடு, இடுப்பில் செருகிய முந்தானை எல்லாம் தெரிகின்றன. முகம் மட்டும் செய்யவில்லை. 27 மி.மீ. உருவத்தில் முகம் 3 மி.மீ.தான்.

நானும் ரயில்வேயில் குமாஸ்தா. பழைய பேரேடுகளைப் புரட்டுவது என் தொழில். காண்டிராக்ட் வேலை என்றால் கணக்கில் இத்தனை டன், இத்தனை ரூபாய் என்றுதான் இருக்கும். காண்டிராக்டர் பெயர் இருக்கும். கூடை சுமந்தவர் பெயருக்கு அதில் கட்டமே கிடையாது. கலாசிக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் உண்டு, பென்ஷன் உண்டு. அவன் தாயாருக்கு எதுவும் இல்லை. அந்தத் தாயார் அங்கே வேலை செய்தார் என்பதற்கு இன்று இருக்கும் ஒரே அடையாளம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் இந்தப் பலகை.

'அதை மட்டும் எடுத்து விடுங்கள்'

சில மாதங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு இந்த மாதிரியைக் கேட்டார்கள். பெரியவர் துணி சுற்றி ஆட்டோவில் கொண்டு போனார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பிறகு அமைப்பாளர் ஒருவர் தயங்கித் தயங்கி, "கூடைக்காரப் பெண்களையும் சாம்பல் பொறுக்கும் பிள்ளைகளையும் மட்டும் எடுத்து விடலாமா? பார்ப்பவர்களுக்கு ஏழ்மையாகத் தெரிகிறது" என்றாராம்.

"எஞ்சினை வேண்டுமானால் எடுத்து விடுகிறேன், சார். அவர்களை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பி விட்டார்.

வீட்டிலும் இது சுமுகமாக முடியவில்லை. பாட்டி கூடை சுமந்த விஷயமே மகனுக்கு இந்த மாதிரியைப் பார்த்துத்தான் தெரியும். "வீட்டோடு இருக்கட்டும் அப்பா, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார். பெரியவர் பதில் சொல்லவில்லை. சில வாரங்கள் இருவருக்கும் பேச்சு குறைந்தது. பேரன் தன் பள்ளித் தோழர்களை அழைத்து வந்து, "இது எங்கள் கொள்ளுப்பாட்டி" என்று காட்டிய பிறகு மகன் எதுவும் சொல்வதில்லை. கரி மேடைக்கு மேல் இருக்கும் விளக்கை இணைத்தது அவர்தான்.

செய்ய விரும்புவோருக்கு

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்குப் பெரியவர் சொல்லும் யோசனைகள்:

முதல் முயற்சியில் ஊர், மலை, பாலம் என்று போக வேண்டாம். ஒரு ஷெட், இரண்டு பாதை போதும். முதலில் பழுப்புக் காகிதத்தில் உண்மை அளவில் படம் போட்டு, தரையில் விரித்து, தீப்பெட்டிகளை எஞ்சினாக வைத்து நகர்த்திப் பாருங்கள். எஞ்சின் சிக்கிக் கொள்ளும் இடம் அப்போதே தெரிந்துவிடும். பலகையை அறுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

அளவெடுக்க எஞ்சின் வேண்டுமா? நமக்கு அருகில் மைசூர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் தொடங்கியது. மீட்டர்கேஜ் எஞ்சின்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் திறக்கப்பட்டது. அரியானாவில் ரேவாரியில் 1893-ல் கட்டிய ஷெட்டைப் புதுப்பித்து நீராவி எஞ்சின்களோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உயிருள்ள ஷெட்டைப் பார்க்க விரும்பினால் குன்னூருக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின்கள் தள்ளுகின்றன. குன்னூர் ஷெட்டில் அவற்றுக்குப் பணிவிடை நடக்கிறது.

ஆனால் அருங்காட்சியகத்தில் எஞ்சினைத்தான் அளக்கலாம். சாம்பல் குழி எங்கே இருந்தது, குழாய் எந்தப் பக்கம், யார் எங்கே நின்றார்கள் என்பதை அளக்க முடியாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் ஓகலிபுரத்திலும் மாகடி ரோட்டிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டி விட்டார்கள். மாதிரி செய்யாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பென்சிலும் கொடுத்து, "உங்கள் ஷெட்டை வரைந்து காட்டுங்கள், தாத்தா" என்று கேட்டுப் பாருங்கள். வரைந்து முடித்ததும், அங்கே யார் யார் வேலை செய்தார்கள் என்று பெயரோடு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

பெரியவர் தம் பலகையின் அடிப்பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். 34 உருவங்களுக்கும் எண் போட்டிருக்கிறது. 22 பெயர்கள் நிரம்பியிருக்கின்றன. மற்ற 12 எண்களுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறது. பழைய தோழர்கள் யாரையாவது பார்க்கும்போதெல்லாம் கேட்டுக் கொண்டிருக்கிறார்.